சனிக்கிழமைக் கட்டை

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி நாற்பது நிமிடத்துக்கு எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் சேஷாத்ரியின் கார், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், செல்லையா நாடாரின் டீக்கடைக்கு நேர் எதிரே பங்சர் ஆனது. நேரத்தை நான் ஊகித்துச் சொல்லவில்லை. எந்தச் சக்கரம், எந்த இடம், எத்தனை மணி என்று அவரே தன் சட்டைப்பை நோட்டில் குறித்து வைத்திருந்தார். அப்படிப்பட்ட மனிதர். டிரைவர் சக்கரத்தைக் கழற்றி மாட்டும் வரை வெயிலுக்கு ஒதுங்கலாம் என்று, அதுநாள்வரை கால் வைத்திராத அந்தக் கடைக்குள் போய் நின்றார். உள்ளே சுண்ணாம்பு அடித்த சுவர் முழுக்கக் கரியால் வரைந்த ஜீப் படங்கள். மொத்தம் பன்னிரண்டு. பதினொன்றைப் பார்த்துச் சிரித்தாராம். பன்னிரண்டாவதற்கு வந்ததும் சிரிப்பை நிறுத்தி, பையிலிருந்து ஆறு அங்குல ஸ்கேலை எடுத்துச் சுவரில் வைத்து அளந்தாராம். செல்லையா பிற்பாடு என்னிடம் சொன்னது இது.

அந்த நேரத்தில் நான் தொழிற்சாலையில், வரைபடப் பிரதி எடுக்கிற அமோனியாப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். எனக்கு வயது ஐம்பத்து நான்கு. ஓய்வு பெறப் பதினொரு மாதம் பாக்கி.

மூன்று வருடம் கழித்து இதை எழுத உட்கார்ந்திருப்பதற்குக் காரணம், போன ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்த இரண்டு பேர். வரைபட அறையில் எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஜீப்பின் முகத்தை மறுபடியும் மாற்றப் போகிறார்களாம். ராயபுரம் முழுக்க அதே பேச்சாம். பேச்சுவாக்கில் ஒருவர் கேட்டார்: "சார், டிராயிங் ரிஜிஸ்டர்ல கடைசியா ஒரு பத்தி கீதே. வரைபடத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அத்த எவன் சார் சேத்தான்?" தண்ணீர் குடித்தேன். எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நான் ராயபுரத்துக்காரன். மாதா கோயிலுக்குப் பின்தெருவில் வீடு. பள்ளி இறுதி முடித்ததும் துறைமுகத்தில் டாலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து இறங்குகிற பெட்டிகளைப் பட்டியலோடு ஒப்பிட்டுக் கோடு போடுவது. போர் வந்தபோது அங்கேதான் முதல் ஜீப்பைப் பார்த்தேன். கிரேன் அதைச் சங்கிலியில் தூக்கித் தரையில் வைத்ததும், ஒரு சிப்பாய் ஏறி உட்கார்ந்து அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விட்டான். கதவு கிடையாது. கூரை கிடையாது. முன் மட்கார்டுகள் இரண்டும் கேரம் பலகை போலத் தட்டை. மத்தியானம் பார்த்தால் அதன்மேல் தட்டு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அழகே இல்லாத அந்த வண்டியை ஏன் ஊர் முழுக்க நின்று பார்த்தது என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நானும்தான் நின்று பார்த்தேன். பிறகு மூன்று வருடம் ராணுவப் பட்டறையில் வரைபடம் பிரதி எடுக்கக் கற்றுக்கொண்டேன். போர் முடிந்து, பட்டறை மூடி, இங்கே ஜீப் கூட்டுகிற தொழிற்சாலை திறந்ததும் வரைபட அறைப் பொறுப்பாளனாகச் சேர்ந்தேன். வெளிநாட்டிலிருந்து வண்டி பாகம் பாகமாகப் பெட்டியில் வரும். நாங்கள் பூட்டி ஓடவிடுவோம்.

ராணுவம் கழித்துக்கட்டிய ஜீப்புகள் அதற்குள் வடசென்னை முழுவதும் பரவிவிட்டன. எண்ணூர் உப்பளத்துக்காரர்கள், காண்டிராக்டர்கள், மீன் ஏஜெண்டுகள் எல்லாரிடமும் ஒன்று இருந்தது. அவற்றுக்கெல்லாம் கித்தான் கூரை தைத்துக் கொடுத்தவர் எங்கள் தெருக்கோடியில் இருந்த கபூர் பாய். துணியில் துளையிட்டுப் பித்தளை வளையம் பதிக்கிற வேலையை அவர் என் மனைவி தெரசாவிடம் கொடுப்பார். முடிந்ததைப் பாயிடம் சேர்ப்பதும், எர்ணாவூர்வரை இதே வேலை செய்கிற மற்ற வீடுகளுக்குத் துணி கொடுத்து வாங்கி வருவதும் என் மகள் லூர்து. லூர்து அப்போது எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைக்குமா என்று காத்திருந்தாள். பதினேழு வயது. ஒரே பெண். எனக்கு அவளைப் பற்றி எப்போதும் ஏதாவதொரு பயம்: மழைநாளில் ஜுரம் வருமா, ரயில் கேட்டைப் பார்த்துக் கடப்பாளா, இடம் கிடைக்காவிட்டால் என்ன ஆவாள். அவளுக்கு அந்தப் பயங்களில் ஒன்றுகூட இல்லை.

புதிய ஜீப் வரப்போகிறது, உருவமே மாறப்போகிறது என்ற செய்தி எப்படியோ வெளியே போயிற்று. அதிலிருந்து செல்லையாவின் கடையில் வேறு பேச்சு இல்லை. தங்களுக்கு 'ஜீப்பு கமிட்டி' என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். டிரைவர்கள், பட்டறைக்காரர்கள், ஸ்பிரிங் பட்டை அடிக்கிறவர்கள். தலைவர் கபூர் பாய். மட்கார்டு தட்டையாகவே இருக்குமா, கார்போல உருண்டுவிடுமா? விளக்கு வெளியே துருத்துமா? முன்முகத்தில் காற்றுப் போகிற சந்துகள் எத்தனை? ஒவ்வொருவரும் தன் ஊகத்தைச் சுவரில் கரியால் வரைந்து கீழே பெயர் எழுத வேண்டும். வண்டி வெளியே வரும் நாளில் தோற்றவர்கள் மீசையை எடுத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு.

"பாய்க்குத்தான் மீசையே இல்லையே, தாடிதான கீது" என்று ஒரு டிரைவர் கேட்டார்.

"அதனாலதான்டா என்னியத் தலைவராப் போட்டாங்க" என்றார் பாய்.

சுவர் நிரம்பிக்கொண்டே வந்தது. ஒருவர் வரைந்த ஜீப்புக்குப் புலி முகம். மீன் ஏஜெண்டின் டிரைவர் வரைந்ததில் மட்கார்டு இன்னும் அகலமாகி, அதன்மேல் டீ டம்ளர் இரண்டும் வரையப்பட்டிருந்தது. "மட்கார்டு உருண்டையா வந்துச்சுன்னு வெச்சுக்க, டீய எங்கடா வெக்கிறது? அந்த நாட்டுக்காரனுக்கு அது தெரியாதா?" என்பது அவர் வாதம். மணிக்கணக்காக வாதாடுவார்கள்.

எனக்கு உண்மை தெரியும். நாள் முழுவதும் என் கையில் இருந்த தாள்களில் இருந்தது அதுதானே. கடையில் நான் உட்கார்ந்தால், ஒருவர் கரியை எடுத்துச் சுவரில் மெதுவாக ஒரு கோடு இழுப்பார். மற்றவர்கள் சுவரைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்ப்பார்கள். "வே, உம்ம மூஞ்சிய வச்சு ஒரு எழவும் கண்டுபிடிக்க முடியலயே" என்பார் செல்லையா. அவர் திருநெல்வேலிப் பக்கம். எனக்கு உள்ளூரச் சிரிப்பும் பயமுமாக இருக்கும். ஒருநாள் யாரோ சரியான இடத்துக்கு அருகில் கோடு இழுத்தபோது எனக்குப் புரை ஏறிவிட்டது. மறுநாளிலிருந்து அந்தக் கடைக்குப் போவதையே நிறுத்தினேன். அதனால்தான் பன்னிரண்டாவது படம் சுவரில் ஏறியது எனக்குத் தெரியாது.

எங்கள் வரைபட அறையின் முறையைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. வரைபடங்கள் அரக்கு முத்திரை வைத்த தகரக் குழாயில் வரும். முத்திரையைச் சேஷாத்ரி சார் உடைப்பார். நான் எண் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவேன். அலமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அவரிடம், ஒரு சாவி என்னிடம். காலையில் இருவரும் சேர்ந்து திறப்போம், மாலையில் இருவரும் சேர்ந்து பூட்டுவோம். இடையில் எல்லாம் என் பொறுப்பு. பிரதி கேட்டவர் கையெழுத்துப் போட்டு வாங்கி, கையெழுத்துப் போட்டுத் திருப்ப வேண்டும். கெட்டுப்போன பிரதி ஒன்றுகூடக் குப்பைக்குப் போகாது. பாய்லர் அடுப்பில், ஒவ்வொரு தாளாக, இடுக்கியால் பிடித்து எரிக்க வேண்டும். சாம்பலைக் கிளறி, எழுத்துத் தெரிகிற துண்டு எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு எரிப்புப் பதிவேட்டில் எழுத வேண்டும். பத்து வருடமாகச் செய்து செய்து, காகிதம் எரிகிற வாசனையிலேயே அது முழுவதும் எரிந்ததா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

சேஷாத்ரி சார் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி ஓரத்தால் துடைப்பார். நிறையக் கோபம் வந்தால் துடைத்த பிறகும் போட்டுக்கொள்ள மாட்டார். யார் எதைச் சொன்னாலும் கடைசிவரை கேட்டுவிட்டு, "எழுதிக் குடுங்கோ" என்பார். லீவு கேட்டாலும், குழாய் ஒழுகுகிறது என்றாலும், மகளுக்குக் கல்யாணம் என்றாலும் அதேதான். அதைப் பின்னால் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் எழுதிக் கொடுத்த எதையும் அவர் கவனிக்காமல் விட்டதாக யாரும் சொன்னதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு அவர் கூப்பிட்டு அனுப்பினார். கண்ணாடி மேஜைமேல் இருந்தது.

"மிஸ்டர் அருளப்பன், அந்த டீக்கடைச் சுவர்ல நம்ம புது வண்டி இருக்கு."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். முன் மட்கார்டின் வளைவு, பானெட்டின் விளிம்பு உருண்டு இறங்குகிற விதம், இரண்டுக்கும் உள்ள விகிதம் எல்லாம் அப்படியே இருக்கிறதாம்.

"ஊகமா இருக்கலாம் சார். அவங்க விளையாட்டுக்கு…"

"பதினொண்ணு ஊகம். இது ஊகம் இல்லை. அளந்து பார்த்தேன்." சட்டைப்பை நோட்டைத் திறந்து அளவுகளைக் காட்டினார். "காலையிலே திறந்தா சாயங்காலம் வரைக்கும் வரைபடம் யார் கையிலே?"

"என் கையிலதான் சார்."

"உங்களை நான் சந்தேகப்படலே. சந்தேகப்படாம இருக்கறதுக்கு ஒரு காரணம் வேணும். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ளே, அது எப்படி வெளியிலே போச்சுன்னு எழுதிக் குடுங்கோ. இல்லேன்னா நான் தலைமை அலுவலகத்துக்கு எழுதணும்."

அப்படி எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வரைபடத்தை வெளியே விட்டவன் என்று பெயர் எடுத்து, கடைசி வருடத்தில் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும்.

சாயங்காலம் நேராகக் கடைக்குப் போனேன். சுவரின் மூலையில் அது இருந்தது. மட்கார்டும் பானெட்டும் என் தாள்களில் இருந்த அதே வளைவு. மற்றதைப் பார்க்கவில்லை. பயந்தவன் கண்ணுக்குத் தான் பயந்தது மட்டும்தான் தெரியும்போல. படத்துக்குக் கீழே 'கபூர்' என்று எழுதியிருந்தது. கபூர் பாய் பெஞ்சியில் உட்கார்ந்து பொறையை டீயில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்.

"பாய், இது யாரு போட்டது?"

"நாந்தான் மாமு. பேரு போட்டுக்கீதுல்ல."

"உனக்கு ஒரு வட்டம் நேரா வரையத் தெரியாது பாய். சொல்லு. என் வேலை போகப் போகுது."

அவர் பொறையைக் கீழே வைத்தார். என்னைத் தனியாகத் தெருவுக்கு அழைத்துக்கொண்டு போனார். "கொயந்த போட்ச்சு மாமு" என்றார். "நம்ப லூர்து. துணி கொண்டாந்து குடுக்க சொல்லோ, காயிதத்துல போட்டுக் காட்ச்சு. பொட்டப்புள்ள டீக்கடைக்கு வர முடியுமா? அதான் நான் காயிதத்த செவுத்துல வெச்சு, ஊசியால குத்தி, கரிய ஒத்தி எட்த்தேன். தப்பாயிடுச்சா?"

ராயபுரத்துக்குச் சைக்கிளை எப்படி ஓட்டிக்கொண்டு வந்தேன் என்று நினைவில்லை. வழியெல்லாம் ஒரே கணக்கு. என் பையில் எப்போதாவது தாள் தங்கிவிட்டதா? தூக்கத்தில் உளறினேனா? சாப்பிடும்போது வாய் தவறி ஏதாவது சொன்னேனா?

லூர்து விளக்கடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். எதையும் மறைக்கவில்லை. "ஆமா நைனா, நான்தான் போட்டேன். சரியா கீதா?" என்று கேட்டாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

நான் கத்தினேன். என் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டாய் என்றேன். திருட்டுத்தனமாக அப்பன் பையைத் துழாவுகிற பெண் என்றேன். தெரசா ஓடிவந்து நடுவில் நின்றாள்.

"உன் பைய நான் தொட்டதே இல்ல நைனா" என்றாள் லூர்து. "நம்ப குடத்துக்குக் கீய கீதே, அந்தக் கட்டைய மொதல்ல பாரு…"

"வாய மூடு" என்றேன். நான் வேலையைப் பற்றிப் பேசினால் இவள் குடத்தைப் பற்றிப் பேசுகிறாளே என்று இன்னும் ஆத்திரம் வந்தது. நோட்டைப் பிடுங்கினேன். முதல் பக்கத்திலேயே மட்கார்டின் வளைவு. அதற்கு மேல் புரட்டவில்லை. பத்து வருடப் பழக்கம் என் கையை அடுப்புக்குக் கொண்டுபோயிற்று. ஒவ்வொரு தாளாகக் கிழித்து, இடுக்கியால் பிடித்து எரித்தேன். சாம்பலைக் கிளறினேன். எழுத்துத் தெரிகிற துண்டு ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். எதுவும் இல்லை.

லூர்து வாசற்படியில் நின்று கடைசித் தாள் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. "படிச்சுட்டு எரிச்சிருக்கலாம் நைனா" என்றாள். அவ்வளவுதான்.

புதன்கிழமை நான் எழுந்தபோது அவள் இல்லை. காலைப் பூசைக்குப் போயிருப்பாள் என்றாள் தெரசா. அடுக்களையில் தண்ணீர்க் குடம் வெறுந்தரையில் சாய்ந்து நின்றது. "குடத்துக் கட்டைய எவ எடுத்தா?" என்று தெரசா முணுமுணுத்தது காதில் விழுந்தது. விழுந்தது, மனதில் ஏறவில்லை. நான் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். என் கவனக்குறைவால் ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன், தவறு முழுவதும் என்னுடையது, வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று எழுதினேன். அதில் ஒரு வரிகூட உண்மை இல்லை. ஆனால் அவள் பெயர் வராமல் எழுத எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தொழிற்சாலை வாசலுக்கு வந்து சொன்னார்: லூர்து கோயிலிலும் இல்லை, சிநேகிதி வீட்டிலும் இல்லை. கபூர் பாயின் கடையும் பூட்டியிருக்கிறது.

பிள்ளை பெற்றவர்களுக்கு அந்த நான்கு மணி நேரத்தை விவரிக்க வேண்டியதில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக் கரை முழுக்கத் தேடினேன். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டேன். ரயில் கேட்டில் நின்று கேட்டேன். "பொண்ணு இன்னா துணி உடுத்தினு இருந்துச்சு?" என்று கேட் காவலாளி கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மூன்று மணிக்குத் திரும்பி வந்து கடிதத்தைச் சேஷாத்ரி சார் மேஜையில் வைத்தேன். அவர் பிரிக்கவில்லை. "கெடு அஞ்சு மணிக்கு. அஞ்சு மணிக்குப் பிரிக்கறேன்" என்று இழுப்பறைக்குள் போட்டார். பிறகு என் செருப்பில் ஒட்டியிருந்த கடல் மணலைப் பார்த்தார். "எங்கே போயிருந்தேள்?"

சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

"எழுதிக் குடுங்கோ. வயசு, உயரம், உடுத்தியிருந்தது."

தாளை வாங்கினேன். வயது பதினேழு என்று எழுதினேன். உயரம் என் தோளுக்கு என்று எழுதினேன். மூன்றாவது வரியில் பேனா நின்றுவிட்டது. முன்னூறு வரைபடங்களின் எண்ணை மனப்பாடமாகச் சொல்லுகிறவன் நான். முந்தின இரவு என் எதிரில் அத்தனை நேரம் நின்ற மகள் என்ன நிறத்தில் பாவாடை கட்டியிருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. சேஷாத்ரி சார் பாதி எழுதிய தாளை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே போனார். தன் டிரைவரிடம் கொடுத்து, ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை ஒவ்வொரு தெருவாகப் பார்த்து வரச் சொன்னார். திரும்பி வந்து உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாலரை மணிக்குக் கேட் வாட்ச்மேன் வந்தார்.

"சார், கேட்டாண்ட ஒரு கைவண்டி வந்துகீது. பாய் ஒருத்தரு இஸ்துகினு வராரு, ஒரு பொண்ணு பின்னாடி தள்ளுது. வண்டி ஃபுல்லா கட்ட. கூடவே ஒரு அம்மா கோயிய இடுப்புல வெச்சுகினு சண்ட போடுது."

நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. லூர்துவேதான். பாவாடை பச்சை. தலையெல்லாம் புழுதி. என்னைப் பார்த்தாள், ஆனால் நிற்கவில்லை. கபூர் பாயோடு சேர்ந்து கட்டைகளை முற்றத்தில் இறக்க ஆரம்பித்தாள்.

இங்கே சனிக்கிழமைக் கட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாகங்கள் வருகிற மரப்பெட்டிகளை உடைத்து, பலகையையும் கட்டையையும் சனிக்கிழமை மதியம் வாசலில் குவித்துவிடுவார்கள். பிஸ்கோத்து டப்பாவில் சீட்டுக் குலுக்கி, தொழிலாளிகள் ஆளுக்கொரு கட்டு அடுப்பெரிக்க எடுத்துப் போகலாம். தொழிற்சாலை திறந்த நாளிலிருந்து வழக்கம். திருவொற்றியூரிலும் எர்ணாவூரிலும் பாதி வீட்டு அடுப்பில் வெளிநாட்டு மரம்தான் எரிந்தது. புது வண்டியின் மாதிரிப் பாகங்கள் சில மாதம் முன்பே வந்திருந்தன. அவற்றைத் தார்ப்பாய் போட்டு மூடி, கொட்டகையைப் பூட்டி, காவல் வைத்தோம். அவை வந்த பெட்டிகளை மட்டும் வழக்கம்போல உடைத்து வாசலில் குவித்தோம். பாகம் ஆடாமலிருக்கப் பெட்டிக்குள் அடியில் கட்டைகள் கொடுத்திருப்பார்கள். பாகத்தின் வளைவு எதுவோ அதே வளைவில் கட்டையின் தலை செதுக்கப்பட்டிருக்கும். வளைந்த கட்டை அடுக்க வராது என்று யாரும் எரிக்கவில்லை. வீட்டில் வேறு எதற்காவது வைத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது குடத்தடியில் அழகாகப் பொருந்தியது.

துணி கொடுக்கவும் வாங்கவும் வீடு வீடாகப் போன என் மகள், அந்தக் கட்டைகளைப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தின எண் இருந்ததைப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு வளைவையும் காகிதத்தில் பதித்து, எண் வரிசையில் அடுக்கினால் ஒரு உருவம் வருகிறது என்று கண்டுபிடித்திருக்கிறாள். எந்தக் கட்டை, எந்த வீட்டில், என்ன எண், என்ன அளவு என்று தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். நான் முறைப்படி எரித்தது அதைத்தான்.

முற்றத்தில் அவள் கட்டைகளை வரிசையாக நிறுத்தினாள். ஒன்று கோழிக்கூண்டின் கூரையாக இருந்தது. அதன் சொந்தக்காரிதான் கோழியோடு நின்றுகொண்டிருந்தாள். ஒன்று மாதா சொரூபத்தின் பீடம். ஒன்று பாதி எரிந்து கரியாகியிருந்தது. காலை ஐந்தரையிலிருந்து எர்ணாவூர்வரை நடந்து ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

"மாமு, உன் பொண்ணு வாதாடி வாங்கற அயகுக்கு வக்கீலுக்குப் படிக்க வெய்யி" என்றார் கபூர் பாய், மேல்மூச்சு வாங்க. "எனுக்குத்தான் முதுவு பூட்ச்சு."

சேஷாத்ரி சார் குனிந்து ஒவ்வொரு கட்டையின் எண்ணையும் படித்தார். பிறகு கொட்டகையைத் திறக்கச் சொன்னார். இரண்டு பேர் இடதுபக்க முன் மட்கார்டைத் தூக்கி வந்தார்கள். லூர்து நிறுத்தி வைத்திருந்த ஐந்து கட்டைகளின்மேல் அதை மெதுவாக இறக்கினார்கள். சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது. அவர் ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். ஆடவில்லை.

"சுவர்ல முன்கண்ணாடிச் சட்டம் தப்பா இருந்துதே. பழைய ஜீப் மாதிரி நெட்டுக்குத்தா போட்டிருக்கே. அது ஏன்?" என்று கேட்டார். முந்தின நாளே அதைக் கவனித்திருக்கிறார். ஏமாற்றுவதற்காக மாற்றிப் போட்டது என்று நினைத்தாராம்.

"அது வைக்கோல் சுத்தி வந்துச்சாம் சார். கட்ட இல்ல" என்றாள் லூர்து. "வைக்கோலப் பாத்து இன்னாத்தக் கண்டுபிடிக்கிறது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். "சனிக்கிழமைக் கட்டை குடுக்கலாம்னு உத்தரவிலே கையெழுத்துப் போட்டது நான்தான், மிஸ்டர் அருளப்பன்" என்றார். உள்ளே போய் என் கடிதத்தை எடுத்து வந்து, ஒட்டினபடியே என் கையில் கொடுத்தார். மணி ஐந்தாக இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. அந்த உறை இப்போதும் பிரிக்காமல் என் பெட்டியில் கிடக்கிறது. அடுத்த வாரம் முதல் வரைபடப் பதிவேட்டில் கடைசியாக ஒரு பத்தி ஏறியது: 'வளைந்த கட்டை: எண், எரித்தவர், கையொப்பம்.' கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

அன்றைக்கு முற்றத்தில், எல்லாம் முடிந்த பிறகு, சேஷாத்ரி சார் லூர்துவின் பக்கம் திரும்பினார்.

"எப்படிக் கண்டுபிடிச்சேன்னு ஆரம்பத்திலேருந்து வரிசையா எழுதிக் குடும்மா."

அவள் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"எழுதித்தான் வெச்சிருந்தேன் சார். நைனா ரூல்படி எரிச்சுட்டாரு. இன்னொரு தபா எழுதித் தரேன். மொதல்ல அவரு படிக்கட்டும்."